எட்டு ஆண்டுகளாக நீங்களே முன்னால் நிற்கிறீர்கள்

வாசகர் கேள்வி:

"எட்டு ஆண்டுகளாக ட்ரைபல் பெல்லி டான்ஸ் சொல்லிக்கொடுக்கிறேன். வாரத்துக்கு மூன்று வகுப்பு, பதினொரு மாணவிகள். ஆரம்பத்தில் வகுப்புக்குக் கிளம்பும்போது இருந்த துள்ளல் இப்போது இல்லை. அதே ஸ்டெப், அதே பாட்டு, அதே திருத்தம். எனக்குக் கற்றுத்தந்தவரோடு தொடர்பு விட்டுப்போயிற்று. இந்த நடனம் தெரிந்த இன்னொரு ஆசிரியை அருகில் கிடையாது. இணையத்தில் மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்தால் ஊக்கம் வருவதில்லை, நான் பின்தங்கிவிட்டேன் என்றுதான் தோன்றுகிறது. இதற்கு நடுவில் 'ட்ரைபல்' என்ற பெயரையே விட்டுவிட வேண்டும் என்கிறார்கள். ஊக்கத்துக்கு நான் எங்கே போவது? எனக்கென்று ஒரு கூட்டத்தை எப்படித் தேடுவது? இல்லை, நிறுத்திவிடலாமா?"

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் நீளமானது, இங்கே சுருக்கித் தந்திருக்கிறேன். முழுக் கடிதத்தையும் இரண்டு முறை படித்தேன். 'சொல்லிக்கொடுத்தேன்', 'திருத்தினேன்', 'தயார் செய்தேன்' என்று பல இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். 'ஆடினேன்' என்று ஓர் இடத்தில்கூட எழுதவில்லை. என் பதில் முழுவதும் அந்த ஒரு விடுபடலைப் பற்றியதுதான்.

இந்த நடனம் தெரியாத வாசகர்களுக்காக ஒரு சிறு விளக்கம். இதில் நான்கைந்து பேர் சேர்ந்து ஆடினாலும் நடனம் முன்கூட்டியே கோத்து வைத்ததல்ல. எல்லோருக்கும் பொதுவான ஒரு அசைவுத் தொகுப்பு தெரியும். எல்லோரும் உடலைச் சற்று இடது மூலைப் பக்கம் திருப்பி நிற்பார்கள். இடது முன்பக்கம் நிற்பவர் லீட். அவர் கையை லேசாகத் தூக்குவது, எடையைக் கால் மாற்றுவது, தலையைத் திருப்புவது என்று ஒரு சிறிய சைகை கொடுப்பார். பின்னால் நிற்பவர்கள் அதைப் பார்த்து அடுத்த அசைவுக்குள் ஒன்றாக நுழைவார்கள். வட்டமாகச் சுற்றும்போதோ முகம் பார்த்து நிற்கும்போதோ லீட் வேறொருவருக்குக் கைமாறும். பார்ப்பவர்களுக்கு மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்த மாதிரி இருக்கும். உண்மையில் அது அந்த நிமிடத்தில் பிறந்தது.

சரி, இப்போது உங்கள் வகுப்புக்கு வருவோம். அங்கே லீட் யார்? திங்கள், புதன், சனி எல்லா நாளும் நீங்கள்தான். மாணவிகள் பதினொரு பேருக்கும் பார்த்துப் பின்தொடர ஒரு முதுகு இருக்கிறது. எதிரே இருக்கும் கண்ணாடியைத் தவிர உங்களுக்கு என்ன இருக்கிறது? லீடாக நிற்பவர் தன்னிடம் இருப்பதை எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருப்பார். பின்தொடரும்போதுதான் நமக்குத் தோன்றியிராத ஒரு தேர்வு இன்னொருவர் உடலிலிருந்து நமக்குள் வந்து சேரும். எட்டு ஆண்டுகள் எடுத்துக் கொடுத்தால் யாராக இருந்தாலும் வற்றிப்போவார்கள். இது திறமைக் குறைவு அல்ல. ஆர்வம் செத்துப்போனதும் அல்ல. இந்த நடனம் மற்ற எல்லோருக்கும் தருகிற ஒன்று உங்களுக்கு மட்டும் கிடைக்காமல் இருக்கிறது, அவ்வளவுதான்.

கரோலீனா நெரிச்சியோவின் கதையில் ஒரு பகுதியை நீங்கள் அவசியம் நினைத்துப் பார்க்க வேண்டும். சான்ஃபிரான்சிஸ்கோவில் 1987-இல் ஃபேட்சான்ஸ் பெல்லி டான்ஸ் குழுவைத் தொடங்கி, இந்தப் பாணிக்கு இன்றைய வடிவத்தைக் கொடுத்தவர் அவர். தன் ஆசிரியை மாஷா ஆர்ச்சரின் குழு கலைந்த பிறகு கூட ஆட ஆள் இல்லாமல் நின்றார். பெரிய திட்டம் எதுவும் வைத்து அவர் வகுப்பு தொடங்கவில்லை. தன்னோடு ஆட நாலு பேர் வேண்டும் என்பதற்காகத் தொடங்கினார். மாணவர்களை அல்ல, துணைகளை உருவாக்கப் புறப்பட்ட வகுப்பு அது. லீட் கைமாறும் வழக்கம் இந்த நடனத்தின் நடுவே இவ்வளவு உறுதியாக உட்கார்ந்திருப்பதற்கு அந்தத் தொடக்கமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். எனவே உங்கள் கூட்டத்தைத் தேடி உடனே வெளியே போக வேண்டாம். அந்தப் பதினொரு பேரிலேயே பாதிக் கூட்டம் இருக்கிறது.

எனக்கு இது புரிந்த விதத்தைச் சொல்கிறேன். சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய பத்தாவது ஆண்டு, ஒரு நிகழ்ச்சிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது என் கணுக்கால் பிசகிவிட்டது. குழுவில் என்னையும் சேர்த்து ஒன்பது பேர், மற்ற எட்டுப் பேரும் ஐந்தாறு ஆண்டுகளாக என்னிடம் கற்றவர்கள். 'நீங்கள் எட்டுப் பேரும் ஆடுங்கள், நான் கீழே உட்கார்ந்து பார்க்கிறேன்' என்றேன். யாராலும் நான்கு நிமிடப் பாட்டுக்கு லீட் செய்ய முடியவில்லை. இரண்டு நிமிடத்தில் தடுமாறி நின்று எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நிகழ்ச்சியை ரத்து செய்தோம். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இத்தனை ஆண்டுகளில் நான் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது பின்தொடர்வதை மட்டும்தான். அதனால் அவர்களும் வளரவில்லை, நானும் தனியாக நின்றேன்.

அதன் பிறகு வகுப்பை மாற்றினேன். உங்களுக்கும் அதையே சொல்வேன். புதிதாகச் சேர்ந்தவராக இருந்தாலும் நான்கு அசைவு தெரிந்த நாளிலிருந்து லீட் செய்யட்டும். நான்கே நான்கு போதும். ஈஜிப்ஷியன் பேசிக், பிவட் பம்ப், அராபிக், ஒரு திருப்பம். இவற்றை வைத்து ஒரு முழுப் பாட்டுக்கும் லீட் செய்ய வேண்டும், ஐந்தாவது அசைவு கூடாது. கையில் இருப்பது குறைவு என்றால் எதை ஆடுவது என்று தேட வேண்டியதில்லை. எப்போது மாறுவது, எவ்வளவு நேரம் ஒன்றிலேயே இருப்பது, எந்தப் பக்கம் முகம் திருப்புவது என்று கவனம் இசைக்குள் போய்விடும். ஒருமுறை என் மாணவி ஒருவர் பாட்டின் முக்கால் பங்கை ஈஜிப்ஷியன் பேசிக்கிலேயே நடத்தி, மெட்டு திரும்பும் ஒரே ஓர் இடத்தில் பிவட் பம்புக்கு மாறினார். பின்னால் நின்ற எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அந்த அசைவை அதற்கு முன் ஆயிரம் தடவை ஆடியிருப்பேன். அது எவ்வளவு அழகானது என்பது எனக்கு மறந்தே போயிருந்தது.

மாணவிகள் லீட் செய்யும்போது நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதும் முக்கியம். ஓரமாகக் கைகட்டி நின்று திருத்தக் கூடாது. பின்வரிசைக்குப் போங்கள். அரைவட்டமாக நிற்கும் கோரஸில் சேர்ந்து, எளிய அசைவோடு ஜில்ஸ் (விரல்களில் மாட்டித் தட்டும் சிறு தாளங்கள்) தட்டிக்கொண்டு தாளத்தைத் தாங்கிக் கொடுங்கள். அவர் கொடுக்கும் சைகை தெளிவாக இல்லையென்றால் நீங்களும் தவறாக நுழைவீர்கள். நுழையுங்கள். "தோளை முன்னதாகவே காட்ட வேண்டும்" என்று பத்து முறை சொல்வதைவிட, ஆசிரியையே தடுமாறி நுழைவதைப் பார்ப்பது அவருக்கு நன்றாகப் புரியும். முதலில் உங்களுக்குக் கூச்சமாக இருக்கும். ஆசிரியை என்ற மதிப்பு குறைந்துவிடுமோ என்று நானும் பயந்தேன். குறையவில்லை.

அடுத்தது, மாதத்துக்கு ஒருமுறை பயிற்சிக் கூடல் ஒன்று வையுங்கள். அதில் ஆசிரியை கிடையாது, கட்டணம் கிடையாது, இட வாடகையை வருகிறவர்கள் பங்கிட்டுக்கொள்ளட்டும். சீட்டுக் குலுக்கிப் போட்டு இருவர், மூவர், நால்வர் என்று சேர்ந்து ஆடுங்கள், மற்றவர்கள் கோரஸ். திருத்தம் சொல்லக் கூடாது என்பது மட்டும் விதி. யாராவது உங்களிடம் 'அக்கா, இது சரியா?' என்று கேட்டால் 'புதன்கிழமை பார்ப்போம்' என்று சொல்லிவிடுங்கள். பழைய மாணவிகளையும் கூப்பிடுங்கள். நின்றுபோனவர்களில் பலர் நடனம் பிடிக்காமல் நின்றிருக்க மாட்டார்கள். வாரந்தோறும் வகுப்புக்கு வர முடியாமல் நின்றிருப்பார்கள்.

இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. மாணவிகள் ஆடும் துணைகளாகலாம், ஆனால் உங்கள் மனச்சோர்வை இறக்கி வைக்கும் இடமாக அவர்களை ஆக்கிவிடாதீர்கள். கட்டணம் கட்டி உங்களிடம் வருபவர் உங்கள் வருமானக் கவலையைக் கேட்டால், அடுத்த மாதம் விலக நினைத்தாலும் விலக முடியாமல் தவிப்பார். அந்தப் பேச்சுக்கு உங்கள் நிலையிலேயே இருக்கும் ஒருவர் வேண்டும்.

அந்த ஒருவரைப் பற்றி இப்போது பேசுவோம். உங்களுக்கு நூறு பேர் வேண்டாம். வேறு எங்கோ தனியாகச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கும் ஓர் ஆசிரியை போதும். அவரும் உங்களைப் போலவே யாராவது எழுதமாட்டார்களா என்று காத்திருக்கக்கூடும். ஆனால் வீடியோ அழைப்பில் இருவரும் சேர்ந்து ஆடலாம் என்று தொடங்கினால் முதல் நாளே மனம் விட்டுப்போகும். சத்தமும் படமும் சற்றுத் தாமதமாகத்தான் வந்து சேரும். சைகையைப் பார்த்து அதே தாளத்தில் நுழைவது நடக்காது. போதாததற்கு, அழைப்பு மென்பொருள் ஜில்ஸ் சத்தத்தை இரைச்சல் என்று நினைத்து விழுங்கிவிடும். அதனால் மாற்றி மாற்றிப் பதிவு அனுப்புங்கள். இந்த வாரம் அவர் ஒரு பாட்டுக்கு லீட் செய்து, கேமராவை வலது பின்பக்கம் வைத்து, நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து பார்ப்பது போல எடுத்து அனுப்பட்டும். அதைப் பெரிய திரையில் போட்டு நீங்கள் பின்தொடருங்கள். அடுத்த வாரம் நீங்கள் லீட். பேசுவதற்கு மட்டும் அழைப்பை வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு கட்டணம் வாங்குகிறீர்கள், வராத நாளுக்கு என்ன செய்கிறீர்கள், முழங்கால் வலிக்கு என்ன செய்தீர்கள் என்று கூச்சமில்லாமல் கேட்டுக்கொள்ளுங்கள். தனியாகச் சொல்லிக்கொடுப்பவர்களை நடனத்தைவிட இந்தக் கேள்விகள்தான் அதிகம் அரிக்கின்றன.

பயணமும் செலவும் முடியும் என்றால், ஃபேட்சான்ஸ் முறையின் ஜெனரல் ஸ்கில்ஸ், டீச்சர் ட்ரெய்னிங் பயிற்சிகளைப் பற்றி விசாரியுங்கள். அவற்றை முடித்தவர்கள் 'சிஸ்டர் ஸ்டூடியோ' என்ற தொடர்புக்குள் வர வழி உண்டு. சான்றிதழைவிடப் பெரிய லாபம் வேறு. அதே அசைவுத் தொகுப்பைக் கற்ற ஒருவர் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும், மொழி தெரியாவிட்டாலும், பெயர்கூடத் தெரியாவிட்டாலும், ஒத்திகை இல்லாமல் அவரோடு நின்று ஆடலாம். அதை ஒருமுறை அனுபவித்தால் தனிமை என்ற எண்ணமே வேறாகிவிடும். முடியாவிட்டால் பரவாயில்லை, அதுவே ஒரே வழி அல்ல.

இனி ஊக்கம். நடன வீடியோக்களைப் பார்ப்பதைக் கொஞ்ச நாள் நிறுத்திவிடுங்கள் என்பேன். அவை கெட்டவை என்பதால் அல்ல. வற்றிப்போன நேரத்தில் நம் கண் கற்றுக்கொள்வதற்காகப் பார்ப்பதில்லை, அளந்து பார்க்கிறது. பதிலாக, நீங்கள் அடிமட்டத்தில் நிற்கும் ஒரு வகுப்பில் சேருங்கள். நான் டர்புகா என்ற அரபு மேளம் அடிக்கக் கற்றுக்கொள்ளப் போனேன். எனக்கு நாற்பத்தைந்து வயது, பக்கத்தில் இருந்தவர்களுக்குப் பதினாறு. விரல் நுனி வீங்கிப்போயிற்று. ஆனால் பல ஆண்டுகளாக ஆடிய மக்ஸூம் தாளம் என்னவென்று அங்கேதான் தெரிந்தது. தும் தக், தக் தும், தக். அதே சட்டத்தில் நடுவே இரண்டு தும் அடுத்தடுத்து விழுந்தால் அது சயீதி. அந்த இரண்டாவது தும் பூமியை நோக்கி இழுக்கிறது. அது தெரிந்த பிறகு சயீதிப் பாட்டு வந்தால் என் இடுப்பு தானாகவே இன்னும் தாழ்ந்து உட்கார்ந்தது. ஒரே அசைவுதான், ஆனால் எனக்குப் புதிதாகிவிட்டது. தாள வாத்தியக்காரர் ஒருவர் நட்பானால் அவரை வகுப்புக்கு அழையுங்கள். பதிவு செய்த பாட்டு எப்போது முடியும் என்று நமக்குத் தெரியும். வாசிப்பவர் எதிரே இருந்தால் தெரியாது. அப்போதுதான் எல்லோரும் உண்மையாகவே கவனிப்பார்கள்.

உங்களுக்கென்று ஒரு இருபது நிமிடத்தையும் ஒதுக்குங்கள். அது நாளைய வகுப்புக்கான தயாரிப்பாக இருக்கக் கூடாது. அதில் இடது பக்கம் ஆடுங்கள். இந்த நடனத்தின் பெரும்பாலான அசைவுகள் வலது இடுப்பையும் வலது கையையும் முதன்மையாக வைத்தவை. எட்டு ஆண்டுகள் வாரம் மூன்று வகுப்பில் ஆடிக் காட்டிய உடம்பு ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கும். இடுப்பு வலியைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் இருக்கும் என்று ஊகிக்கிறேன். இடது பக்கம் ஆடும்போது நீங்கள் மறுபடி தொடக்கநிலை மாணவி ஆகிவிடுவீர்கள். ஜில்ஸையும் இடது கையில் தொடங்கித் தட்டிப் பாருங்கள். வலது-இடது-வலது என்று பழகிய விரல்கள் இடது-வலது-இடது என்றால் எப்படித் திண்டாடுகின்றன என்று தெரியும்.

பெயர் விஷயம். இதில் குழம்ப வேண்டியதில்லை என்பது என் கருத்து, ஆனால் தட்டிக்கழிக்கவும் கூடாது. இது எந்தப் பழங்குடியின் நடனமும் அல்ல. 1960-களின் இறுதியில் ஜமீலா சலிம்பூர் வடக்கு கலிபோர்னியாவின் ரெனசான்ஸ் ஃபேர் திருவிழாவில் ஆட பால் அனாத் குழுவை உருவாக்கினார். பல நாட்டு உடை, பல நாட்டு நடனம் என்று கலந்து கொடுத்த மேடை அது. அவரிடம் கற்றவர் மாஷா ஆர்ச்சர், மாஷாவிடம் கற்றவர் கரோலீனா. எகிப்திய அசைவு, ஃபிளமெங்கோவின் நிமிர்ந்த கை, இந்தியச் சோளி ரவிக்கை, ஆப்கானிய வெள்ளி நகை எல்லாம் சேர்ந்து அமெரிக்காவில் பிறந்தது. 'அமெரிக்கன் ட்ரைபல் ஸ்டைல்' என்று உலகம் முழுவதும் அறியப்பட்ட பெயரை 2020-இல் கரோலீனாவே விட்டுவிட்டு 'ஃபேட்சான்ஸ் பெல்லி டான்ஸ் ஸ்டைல்' என்று மாற்றினார். இதோடு வேறு நடனங்களைக் கலந்து ஃப்யூஷன் ஆடுபவர்களில் பலர், நடனக் கலைஞர் டோனா மெஹியா பயன்படுத்திய 'ட்ரான்ஸ்நேஷனல் ஃப்யூஷன்' என்ற பெயருக்கு மாறினார்கள். ரோமா மக்களைப் புண்படுத்தும் 'ஜிப்ஸி' என்ற சொல்லும் குழுப் பெயர்களிலிருந்து விலகி வருகிறது.

நான் மாற்றிவிட்டேன். என் அறிவிப்பில் 'சேர்ந்து ஆடும் பெல்லி டான்ஸ், ஒத்திகை இல்லாமல்' என்றுதான் இருக்கிறது. புதிதாக வருபவர்களுக்கு 'ட்ரைபல்' என்ற சொல்லைவிட அது தெளிவாகவே புரிகிறது. ஃபேட்சான்ஸ் என்ற பெயரை, அந்தப் பயிற்சி பெற்றிருந்தால் மட்டும் போடுங்கள்.

பெயரை மாற்றும் வேலையோடு நிறுத்திவிடாதீர்கள், ஏனென்றால் உங்களுக்கான ஊக்கம் அங்கேயும் இருக்கிறது. கெய்ரோவில் பதியா மசப்னி 1926-இல் தொடங்கிய கேளிக்கை அரங்கில் எகிப்தியப் பெல்லி டான்ஸ் எப்படி மேடை வடிவம் பெற்றது, 1959-இல் தொடங்கிய மஹ்மூத் ரிதாவின் குழு எகிப்திய நாட்டார் நடனங்களை அரங்குக்கு எப்படி மாற்றியது, எகிப்தின் லக்சரில் மாஸின் குடும்பத்துப் பெண்களான கவாசி என்ற பரம்பரை நடனக்காரர்கள் தோளையும் இடுப்பையும் எப்படி வைத்துக்கொண்டார்கள் என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள். நம் தொகுப்பில் 'கவாசி' என்ற பெயரோடே ஒரு ஷிம்மி (குலுக்கல் அசைவு) வகை இருக்கிறது. பெயரை மட்டும் எட்டு ஆண்டுகள் சொல்லியிருப்பீர்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் பெண்களைப் பார்த்த பிறகு சொல்லிக்கொடுத்துப் பாருங்கள், உங்கள் குரலே மாறும். மாதத்துக்கு ஓர் அசைவு, அதன் கதை, அதன் தாளம் என்று வகுப்பில் பத்து நிமிடம் ஒதுக்கினால் மாணவிகளும் தேடிக்கொண்டு வருவார்கள். எல்லாவற்றையும் நீங்களே கொண்டுவரத் தேவையில்லை.

நிறுத்திவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். மூன்று வகுப்பில் ஒன்றை நிறுத்துங்கள். எது அதிகம் சோர்வு தருகிறதோ அதை. உங்களுக்கு வருமான இழப்பு உண்டு, அதைத் தெரிந்தேதான் சொல்கிறேன். மூன்று வகுப்பும் நீங்கள் ஒருவரே முன்னால் நின்று நடத்தினால் ஓராண்டில் மூன்றுமே போய்விடும் என்று பயப்படுகிறேன். மூன்று மாதம் இப்படிச் செய்த பிறகும் பாட்டு தொடங்கும்போது உடம்பில் ஒன்றும் அசையவில்லை என்றால், கௌரவமாக விட்டுவிடலாம், அதில் தவறே இல்லை. அப்போதும் சொல்லிக்கொடுப்பதைத்தான் விடுவீர்கள். பயிற்சிக் கூடலுக்கு ஒரு மாணவியைப் போல வந்துபோகலாம்.

உங்கள் குருவோடு தொடர்பு விட்டுப்போனது என்று ஒரே வரியில் எழுதிக் கடந்துவிட்டீர்கள். காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சண்டை எதுவும் இல்லையென்றால் அவருக்கு இரண்டு வரி எழுதுங்கள். ஒருவேளை அவருக்கும் இப்போது முன்னால் யாரும் இல்லாமல் இருக்கலாம்.

இந்தச் சனிக்கிழமை வகுப்பில் கடைசிப் பாட்டுக்கு முன் உங்கள் பதினொரு பேரில் கூச்சம் அதிகமுள்ளவர் யாரோ, அவரை இடது முன்பக்கம் நிறுத்துங்கள். நான்கு அசைவு சொல்லிவிட்டு நீங்கள் கடைசி வரிசைக்குப் போய் நில்லுங்கள். அவர் கையைத் தூக்கும் வரை காத்திருங்கள். என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.